மூக்காண்டி வரைந்த குடத்துக்காரி

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்குள், ஆவாரங்குளம் என்று ஓர் ஊர். பெயரில்தான் குளம். ஊருக்கு மேற்கே ஒரு பள்ளம் கிடக்கும். நல்ல மழை பெய்த வருஷம் தை மாதம் வரைக்கும் அதில் எருமை படுக்கும். மற்ற வருஷங்களில் பயல்கள் அதில் கிட்டிப்புள் ஆடுவார்கள். பருத்தியும் மிளகாயும் கம்பும் விளைகிற வானம் பார்த்த பூமி அது. நெல் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குக் கடையில் போய் வாங்குகிற சரக்கு.

இந்த ஊரில் பிறந்த மூக்காண்டிதான் சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் வரைக்கும் சுவர் சுவராகச் செழிப்பான கிராமம் வரைந்து கொடுத்தவர். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அவரே சிரிப்பார்.

சங்கரன்கோவிலில், கோவிலுக்குத் தெற்கே தேர் ஓடுகிற வீதியில் அவருக்கு ஒரு சின்னக் கடை. கடை போர்டு, லாரிக்குப் பின்னால் எழுத்து, செத்துப்போனவர்களின் சின்ன போட்டோவைப் பார்த்துப் பெரிய படம், எல்லாம் செய்வார். ஆனால் பேர் வாங்கிக் கொடுத்தது ‘கிராமக் காட்சி’தான். போட்டோ ஸ்டூடியோவுக்குப் பின்திரை, காப்பிக்கடைச் சுவர், வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய வீட்டு முன்கூடம், எங்கே போனாலும் கேட்பது ஒன்றே. நிறைந்த குளம். அதற்கு அந்தப்புறம் வயல். நீல மலை, சாய்கிற சூரியன். இரண்டு மாடு பூட்டிய வண்டி. மாடு இரண்டும் வட்டிக்கடைக்காரர் மாதிரி கொழுத்திருக்க வேண்டும். ஏற்றம் இறைப்பவன் முகத்தில் வேர்வை கூடாது. கரையோரம் இடுப்பில் குடத்தோடு ஒரு பெண், சிரித்தபடி.

ஊரைவிட்டு ஓடியவனுக்குத்தான் ஊரின் படம் தேவைப்படுகிறது. ஊரிலேயே கிடப்பவனுக்கு அது எதற்கு? ஒருமுறை மூக்காண்டிக்கு ஏதோ புத்தி கெட்டு, பம்பாயில் கடை வைத்திருந்த ஒருவருக்கு நிஜமான ஆவாரங்குளத்தையே வரைந்துவிட்டார். வெடித்த கரிசல், உடைமரம், எலும்பு துருத்திய ஒற்றை மாடு. அந்த மனிதர் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

“என்னவே இது? காஞ்ச காட்டை வரைஞ்சு வச்சிருக்கீரு! இதைப் பாக்கதுக்கா நான் பம்பாயிலருந்து ரயிலேறி வந்தேன்?”

மூக்காண்டி நீலப் பெயின்ட் டப்பாவைத் திறந்து அந்தப் பள்ளத்தை நிரப்பினார். எந்த அரசாங்கமும் ஆவாரங்குளத்துக்குச் செய்யாததை அரை மணி நேரத்தில் செய்து முடித்தார். அதற்குப் பிறகு அவர் காய்ந்த காடு வரைந்ததே இல்லை.

குடத்துக்காரிக்கு மட்டும் அவருக்கு ஆள் தேவைப்பட்டது. குடத்தை இடுப்பில் வைத்தால் முதுகு எப்படி வளையும், மறு கை எந்தப் பக்கம் வீசும், சேலை எங்கே இழுபடும் என்பதெல்லாம் பார்த்தால்தான் கைக்கு வரும். வீட்டிலேயே ஆள் இருந்தது. அவர் மனைவி வள்ளித்தாய். குடம் தூக்குவது அவளுக்கு நடிப்பில்லை. கோடையில் ஊர்க் கிணறு வற்றிவிட்டால், வடக்கே தோட்டக் கிணறு வரைக்கும் நடந்து, படியிறங்கி, கலங்கலை மொண்டு வருகிறவள். வந்து இறக்கி வைப்பதற்குள் புருஷன், “ஏட்டி, அப்படியே நில்லு, ஆடாத” என்பார். அவளும் நிற்பாள். நிறைகுடத்தோடு, இடுப்பு கடுக்க, அவர் கோடு இழுத்து முடிக்கிற வரைக்கும் நிற்பாள்.

“சீக்கிரம் வரையும். இடுப்பு ஒடியுது.”

“இந்தா ஆச்சு, ஆச்சு.”

ஆச்சு என்பது எப்போதும் ஒரு பொய்தான்.

ஸ்டூடியோக்காரர் ஆறுமுகச்சாமி பழகிய மனுஷன். மூக்காண்டி வரைந்த பின்திரைக்கு முன்னால்தான் சங்கரன்கோவிலில் பாதிப் பேர் கல்யாணக்கோலத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். “சம்சாரத்தைக் கூட்டிட்டு வாரும், சும்மாவே ஒரு படம் எடுத்துத் தாரேன்” என்று எத்தனையோ தடவை சொன்னார். மூக்காண்டிக்கு ரோசம். “நாலு ஊருக்கு மூஞ்சி வரையுதவன் நான். என் பெண்டாட்டிக்கு மட்டும் மிசின் வேணுமாக்கும்? நானே வரைஞ்சு மாட்டுவேன், பாரும்” என்பார். வரையவும்தான் இருந்தார். அடுத்த மாதம், பொங்கல் கழியட்டும், ஆடித்தபசுத் திருவிழா வேலை முடியட்டும் என்று நாள் போனது.

எழுபத்தைந்தில் பஞ்சம். ஆவாரங்குளத்தில் நாய்கூட நிழல் தேடி ஊரைவிட்டுப் போன வருஷம். தோட்டக் கிணற்றிலும் தண்ணீர் அடிக்குப் போய்விட, பெண்கள் படிமுடிந்த இடத்துக்கும் கீழே பாறையில் கால் வைத்து இறங்கினார்கள். ஒருநாள் காலையில் வள்ளித்தாய் குடத்தோடு வழுக்கி விழுந்தாள். அன்றைக்கு மூக்காண்டி சிவகிரியில் ஒரு காப்பிக்கடைச் சுவரில் நிறைகுளம் வரைந்துகொண்டிருந்தார். தகவல் போய், பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் உடலை மூடிக் கட்டிவிட்டார்கள். பாறையில் மோதிய முகம். “பாக்க வேண்டாம்வே, சொன்னாக் கேளும்” என்று நாலு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவரும் பார்க்கவில்லை. மகள் இசக்கித்தாய்க்கு அப்போது நாலு வயது முடியவில்லை.

மூக்காண்டியின் அக்காள் முத்துமாரியம்மாள் பிள்ளையை வளர்த்தாள். மூக்காண்டி குடத்துக்காரியை வரைவதை நிறுத்தவில்லை. கைக்குத்தான் எல்லாம் பழகிவிட்டதே, ஆள் எதற்கு? இப்படியே பதினான்கு வருஷம் ஓடியது.

இசக்கித்தாய்க்குச் சிவகிரியில் மாப்பிள்ளை அமைந்தது. விவசாயக் குடும்பம், நல்ல மனிதர்கள். ஆவணியில் முகூர்த்தம். அப்பாவிடம் அதிகம் பேசாத பெண் அவள். ஒருநாள் கடைக்கே வந்து நின்றாள்.

“யப்பா, தாலி கட்டப் போகுமுன்ன அம்மா படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட்டுட்டுப் போணும். படம் வேணும்.”

“ம்.”

“எனக்கு அம்மா மூஞ்சி ஞாபகம் இல்லப்பா. கண்ணை மூடினா ஒரு சேலை மட்டும் தெரியுது. படத்தை அங்கனயும் கொண்டுபோயி வச்சுக்கிடுவேன். நீங்க வரையுததுதான?”

“அதுக்கென்ன மக்கா. வரைஞ்சிருவோம்.”

அவள் போன பிறகு மூக்காண்டி ஒரு பலகையை எடுத்து வைத்து, வெள்ளை பூசி, காயவிட்டு, பென்சிலை எடுத்தார். நெற்றி வந்தது. புருவம் வந்தது. பெரிய கண், கூரிய மூக்கு, சின்ன உதடு, கன்னத்தில் குழி. கை நிற்காமல் ஓடியது. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். குடத்துக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். காப்பிக்கடைக் குடத்துக்காரி, ஸ்டூடியோத் திரைக் குடத்துக்காரி, அதே ஆள்.

முத்துமாரியம்மாள் பார்த்துவிட்டு, “யாருலே இது, சினிமாக்காரியா?” என்றாள்.

“அப்ப அவ எப்படி இருப்பா? நீ சொல்லு.”

“எப்படி இருப்பா... கறுத்த பிள்ளை. வேற என்னத்தச் சொல்ல?” நாத்தனாருக்கும் வள்ளித்தாய்க்கும் அவள் உயிரோடு இருந்தபோதே ஒத்துப்போனதில்லை. வள்ளித்தாயின் அப்பன் ஆத்தா போய்ச் சேர்ந்துவிட்டார்கள்; கூடப் பிறந்த ஒரே அண்ணன் கேரளாவுக்குப் போனவன் போன இடம் தெரியவில்லை. ஆறுமுகச்சாமியின் பழைய பெட்டிகளைக்கூடக் கிளறிப் பார்த்தாயிற்று. ஏதாவது கல்யாணக் கூட்டத்தில், ஏதாவது ஒரு மூலையில் நின்றிருக்க மாட்டாளா என்று. இல்லை.

மூக்காண்டி கண்ணை மூடி யோசித்தார். வளைந்த முதுகு தெரிந்தது. முழங்கை தெரிந்தது. குடத்தின் கழுத்தைச் சுற்றிய விரல்கள், ஈரம் பட்டு ஒட்டிய சேலை, நரம்பு புடைத்த புறங்கால்கூடத் தெரிந்தது. கழுத்துக்கு மேலே போனால் அந்தக் குடத்துக்காரியின் காலண்டர் முகம் வந்து உட்கார்ந்தது. கூடவே படுத்து எழுந்த பெண்டாட்டியின் முகம் ஒருவனுக்கு மறக்குமா என்று கேட்பவர்கள், அதை ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்தோமா என்றும் தங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்போதுதான் அவருக்குக் கடையநல்லூர்ச் சுவர் நினைவுக்கு வந்தது.

வள்ளித்தாய் சாவதற்கு இரண்டு வருஷம் முன்னால், சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பிய முகம்மது ஹுசைன் என்பவர் புது வீட்டு முன்கூடத்தில் சுவர் முழுக்கக் கிராமக் காட்சி கேட்டார். “அங்கன கெடந்து ஊரு ஊருன்னு ஏங்கினேன் மூக்காண்டி. செவத்தைப் பாத்தா ஊரு தெரியணும்” என்றார். பெரிய வேலை. கைப்பிள்ளையோடு வள்ளித்தாயையும் கூட்டிப்போனார். பெயின்ட் கலக்குவாள், தண்ணீர் எடுப்பாள், மத்தியானத்தில் அந்தக் கூடத்திலேயே குடத்தோடு நிற்பாள். சுவருக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தி, அவளைப் பார்த்துப் பார்த்து வரைந்த படம் அது ஒன்றுதான். மற்றச் சுவரெல்லாம் வீட்டில் இழுத்த கோட்டை வைத்துக் கைப்பழக்கத்தில் வரைந்தது, இது ஆளைப் பார்த்து வரைந்தது. அதில் அவள் இருக்கிறாள். மூக்காண்டிக்குச் சந்தேகமே இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டா நெய்க்கு அலைந்தோம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு மறுநாள் காலையில் புறப்பட்டார்.

புளியங்குடியில் இறங்கி அடுத்த பஸ் ஏறினார். எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவில் நெருக்கியடித்து நின்றபோதும் அவருக்கு மனசு லேசாகவே இருந்தது. பையில் ஒரு சின்னப் பலகை, பென்சில், நாலைந்து டப்பா. அங்கேயே உட்கார்ந்து பார்த்து வரைந்துகொண்டு வந்துவிடலாம்.

முகம்மது ஹுசைன் காலமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவி ஜுலைகா பீவி வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

“யாரு, படம் வரையுத மூக்காண்டியா? வாங்க, வாங்க. தலை பூரா நரைச்சுப் போச்சே. சம்சாரம் சொகமா? அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வரலையா?”

மூக்காண்டி சொன்னார். அந்த அம்மாள் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு, “யா அல்லா” என்று நின்றார். பிறகு உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, அவர் வந்த காரியத்தைக் கேட்டார். கேட்டதும் அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது.

“அதுல ஒரு சங்கதி இருக்கு. நீங்களே வந்து பாருங்க.”

சுவரில் குளம் இருந்தது. வயலும் மலையும் சூரியனும் அப்படியே இருந்தன, கொஞ்சம் மங்கி. வண்டி இருந்தது. மாடு இரண்டுக்கும் தலை இல்லை. ஏற்றக்காரனுக்குத் தலை இல்லை. கரையோரம் குடத்தை இடுப்பில் வைத்து, முதுகை வளைத்து, ஒரு கையை வீசி நின்ற பெண்ணுக்குக் கழுத்துக்கு மேலே பச்சை கலந்த சுண்ணாம்பு வட்டமாகப் பூசியிருந்தது.

“மவன் ரசூல் சவூதியிலருந்து வந்தப்ப சொன்னான். நாம தொழுகுத எடம், உருவம் இருந்தா வானத்து மலக்குமாரு வரமாட்டாங்க உம்மான்னு. செவத்தையே வெள்ளையடிக்கணும்னு நின்னான். நான்தான், வாப்பா ஆசையா வச்ச படம், மொகத்தை மட்டும் மறைச்சாப் போதும்லான்னு அழுதேன். தப்பா எடுத்துக்கிடாதீக.”

தப்பாக எடுத்துக்கொள்ளும் நிலையில் மூக்காண்டி இல்லை. அவர் சுவருக்குப் பக்கத்தில் போய் அந்தப் பச்சை வட்டத்தை நகத்தால் லேசாகச் சுரண்டினார். பொடிப்பொடியாய் உதிர்ந்தது.

“அம்மா, இது வெறும் சுண்ணாம்பு. கீழ இருக்கது எண்ணெய்ப் பெயின்ட். ஈரத்துணி வச்சுத் தொடச்சாப் போயிரும், அடியில உள்ளது அப்படியே இருக்கும். ஒரு தடவை பாத்துக்கிடுதேன். பாத்துட்டு நானே பழையபடி மூடித் தந்திருதேன்.”

ஜுலைகா பீவி யோசித்தார். பிறகு, “பெத்த பிள்ளை கும்பிடத்தான கேக்குது. தொடைங்க. ஆனா மத்தியானம் லுஹர் தொழுகைக்குள்ள மூடிரணும்” என்று சொல்லி, அவரே ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பழைய துணியும் கொண்டுவந்து வைத்தார்.

மூக்காண்டி துணியை நனைத்து வைத்து வைத்து எடுத்தார். காயம்பட்ட பிள்ளைக்கு ஒத்தடம் கொடுக்கிற மாதிரிதான் செய்தார். பச்சை கரைந்து மோவாய் தெரிந்தது. உதடு தெரிந்தது. கன்னம், மூக்கு, கண் என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் நெற்றிப் பொட்டு வந்தது.

பெரிய கண். கூரிய மூக்கு. சின்ன உதடு. கன்னத்தில் குழி. சந்தன நிறம்.

அவர் அங்கேயே நின்றார். துணியிலிருந்து தண்ணீர் சொட்டி முழங்கை வழியாக ஒழுகியது. அவ்வளவு நேரம் அவளை நிறுத்தி வைத்து, பார்த்துப் பார்த்து வரைந்தவர், பார்த்தது குடத்தை. சேலை மடிப்பை. முகம் வந்த இடத்தில் திரும்பியே பார்க்கவில்லை. அது தெரிந்த வேலை, கை போட்டுவிட்டது. அவள் உயிரோடு, நாலு அடி தூரத்தில், இடுப்பு ஒடிய நின்றுகொண்டிருந்தாள்.

ஜுலைகா பீவி பக்கத்தில் வந்து சுவரைப் பார்த்தார். அவருக்கும் அது தெரிந்தது.

“இது அந்தப் பிள்ளை இல்லையே” என்றார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டதாக நினைத்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அது நல்ல கறுப்புல்லா? மின்னுத கறுப்பு. முன்பல்லு ஒண்ணு லேசாத் தூக்கி இருக்கும். அதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு, சிரிக்கும்போதெல்லாம் பொறங்கையால வாயை மூடிக்கிடும். இடது புருவத்துல முடி இல்லாம ஒரு தழும்பு. சின்னதுல ஆடு முட்டிருச்சின்னு சொல்லிச்சு. அடுப்பங்கரையில என்கூட உக்காந்து எவ்வளவு பேசும்! எனக்கு இப்பவும் அப்படியே கண்ணுக்குள்ள நிக்கி.”

வீட்டில் ஓர் உருவம் வைத்துக்கொள்ளாத அந்த அம்மாளிடம் வள்ளித்தாயின் முகம் இருந்தது. மூக்காண்டி ஒரு சொல் விடாமல் கேட்டார். தழும்பு எந்தப் பக்கம், பல் எந்தப் பல் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார். கறுப்பு தனியாக, பல் தனியாக, தழும்பு தனியாக நின்றன. ஒன்றோடொன்று சேர்ந்து ஆளாகவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்தால் சூரியனா வந்து நிற்கும்?

பையிலிருந்து டப்பாவைத் திறந்தார். இந்த முறை சுண்ணாம்பு இல்லை, எண்ணெய்ப் பெயின்ட். உதிராது. அதே பச்சையைக் குழைத்து அந்தச் சந்தன முகத்தை மூடினார். லுஹர் பாங்கு சொல்வதற்கு முன்னாலேயே வேலை முடிந்துவிட்டது. ஜுலைகா பீவி சோறு தின்றுவிட்டுப் போகச் சொன்னார். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

ஊருக்கு வந்து, கேட்டதையெல்லாம் வைத்து வரைந்து பார்த்தார். கறுப்பு பூசி, பல்லைத் தூக்கி, புருவத்தை அறுத்து. ஒரு பலகையில் வந்தது யாரோ ஒரு கிழவி. அடுத்ததில் வந்தது கேலிப்படம்; செத்தவளைக் கிண்டல் செய்த மாதிரி இருந்தது. இரண்டையும் வெள்ளை பூசி அழித்தார். ஆவணி பிறந்துவிட்டது. சிவகிரிக்காரர்கள் சேலை எடுத்து அனுப்பிவிட்டார்கள். மகள் தினமும் ஒரு தடவை கடைப்பக்கம் பார்வையை விட்டுப் போனாள்.

கல்யாணத்தன்று காலையில், நடுவீட்டில் படம் இருந்தது. சந்தன நிறத்தில், பெரிய கண்ணும் கன்னக் குழியுமாக, சிரித்தபடி. முத்துமாரியம்மாள் படத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் விளக்கை ஏற்றினாள். அந்த ஒரு விஷயத்தில் அவள் பெரிய மனுஷி.

இசக்கித்தாய் பட்டுச்சேலையோடு வந்து மாலையைப் போட்டுவிட்டு, விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. “யம்மா, யம்மா” என்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். மை கலைந்துவிடும் என்று பெண்கள் தூக்கிவிட்டார்கள். எழுந்தவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் பூசியும் மறையாத, மின்னுகிற கறுப்பு.

“எங்கம்மா எம்புட்டுச் செவப்பு, எம்புட்டு அழகு! அதுல எனக்கு ஒரு பொட்டுகூட வரலையேப்பா. நான் ஏன்ப்பா இப்படிப் போயிட்டேன்?”

அம்மாவின் நிறம்தான் அவளுக்கு. அதை மட்டும் சொல்லியிருந்தால் அந்தப் பெண் ஆயுசுக்கும் தலை நிமிர்ந்திருப்பாள். ஆனால் அதைச் சொன்னால், மாலை போட்ட படத்தில் இருப்பது யார் என்று அவள் கேட்பாள்.

“நீ என்னைய மாதிரி மக்கா” என்றார் மூக்காண்டி.

சாயங்காலம் சிவகிரிக்குப் புறப்பட்ட வேனில், அவள் அந்தப் படத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.